ஓம் மட்டும் சொல்லு

றோசா உலையில் அரிசியைப் போட்டு மூடிவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். கனடாவில், பியர்பொன்ட்ஸில், நவம்பர் மாதம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சேர முதலே இருண்டுவிடும். யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு வாசல் விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஜப்பானில் இப்போது அடுத்த நாள் விடிந்து, தம்பி றெக்ஸ் சைதாமாவில் இருந்து டோக்கியோவுக்கு வேலைக்குப் போகிற ரெயினில் நெருக்குப்பட்டு நிற்பான். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் எடுப்பாள். வேறு நேரத்தில் எடுத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவள் பட்டுத் தெளிந்த சங்கதி.

றெக்ஸின் வாயை மூடுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஜப்பானைப் பற்றி அவனிடம் இல்லாத அபிப்பிராயமே கிடையாது. மொழி படிக்கவென்று போனவன், சாப்பாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைத்து, பிறகு பழைய கார்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற கொம்பனியில் ஒரு கதிரையைப் பிடித்து, இப்போது நிரந்தர வதிவிடத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். அதற்குள் அந்த நாட்டையே அவன்தான் நடத்துகிறான் என்று நினைக்கிற அளவுக்குக் கதைப்பான். அரிசி விலை இரண்டு மடங்காகி மந்திரிமாருக்குத் தலையிடி வந்தது ஏன், கரடிகள் மலையை விட்டு ஊருக்குள் வருவது ஏன், ஊர் ஊராய் வீடுகள் வெறுமனே கிடக்க டோக்கியோவில் மட்டும் குருவிக்கூடு கணக்காய் வீடு கட்டுவது ஏன், தேர்தல் வந்தவுடன் எல்லாரும் வெளிநாட்டுக்காரரைப் பற்றியே கதைப்பது ஏன் என்று எல்லாவற்றுக்கும் அவனிடம் விளக்கம் இருந்தது. றோசா வாய் திறக்க முதல் அவனுடைய அடுத்த விளக்கம் வந்துவிடும்.

சில வேளைகளில் அவன் சொல்வது நல்ல பகிடியாகவும் இருக்கும். ரெயினில் பேர்ஸைத் தவறவிட்டால் பின்னேரம் அது ஸ்ரேசனில் பத்திரமாய் இருக்குமாம். ஆனால் எவ்வளவு சனம் நின்றாலும் தனக்குப் பக்கத்துச் சீற் மட்டும் காலியாகவே இருக்குமாம். "நல்ல வசதி அக்கா, பையை வைக்கலாம்," என்பான். இன்னொருமுறை, கியூபெக்கில் பிரெஞ்சு படிக்காவிட்டால் இனிச் சீவிக்க ஏலாது என்று றோசா புலம்பியபோது, அதற்கும் உடனே ஒரு பதில் வைத்திருந்தான். "அங்க உங்களைப் பிரெஞ்சு கதைக்கச் சொல்லுறாங்கள். இஞ்ச எங்களை ஒண்டுமே கதைக்காமல் இருக்கச் சொல்லுறாங்கள். ரெண்டில எது சுகம் எண்டு நீங்களே சொல்லுங்கோ." அவள் வயிறு நோகச் சிரித்தாள். பூசைக்குப் போன இடத்தில் நாலு பேருக்குச் சொல்லியும் சிரித்தாள்.

ரெயின் உபாயத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். ஒருநாள் தற்செயலாய் அந்த நேரத்தில் எடுத்தபோது, ரெயினுக்குள் போனில் கதைப்பது பெரிய மரியாதைக்கேடு, பேந்து எடுக்கிறேன் என்று அவன் குசுகுசுத்தான். றோசாவுக்கு மண்டையில் ஒரு வெளிச்சம்.

"நீ கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன். நீ ஓம் மட்டும் சொல்லு."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவன் காதுக்குள் ஒரு பொத்தான் மாதிரிக் கருவியைச் செருகிக்கொண்டு நிற்பான். அவள் இஞ்சியும் உள்ளியும் தட்டிக்கொண்டே தன் நாட்டு நடப்பைச் சொல்லுவாள். புருஷன் வின்சன்டுக்குச் சீனி கூடிவிட்டது. ஓம். மகள் அஜிதா பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட அறை எடுத்துத் தனியப் போகப் போறாளாம். ஓம். நீ எப்பதான் ஒரு கலியாணத்தைக் கட்டப் போறாய்? அதற்கு மட்டும் ஓம் வராது. தொடக்கத்தில் ஒருநாள் அவன் ஓமுக்குப் பதிலாய் ஜப்பான்காரர் மாதிரி "ஹாய், ஹாய்" என்று சொல்லிக்கொண்டு நின்றான். றோசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடா ஹாய் போய் எண்டு? தாய் தேப்பன் பழக்கின வாயால ஒழுங்கா ஓம் எண்டு சொல்லு." ரெயின் ஒரு ஸ்ரேசனில் நின்று புறப்பட்டது. பிறகு மெல்லிய குரலில் "ஓம்" என்றான். அதற்குப் பிறகு அவன் ஹாய் சொன்னதே இல்லை.

இன்றைக்கு அவளுக்குச் சொல்ல வேண்டிய காரியம் பெரியது. ஆன்மாக்களின் மாதம். தமிழ்ப் பூசையில் செத்த ஆக்களின் பேர்களை வாசிப்பார்கள். குடும்பத்துப் பேர்களைக் கொடுக்க முதல் தம்பியிடமும் ஒரு சொல்லுக் கேட்டுவிட வேண்டும் என்பது அவளுடைய ஒழுங்கு.

"அப்பான்ர பேர் குடுக்கிறன்," என்றாள். "ஓம்." "அம்மா." "ஓம்." "பெரியம்மா." "ஓம்." "பெரியப்பு." "ஓம்." "சவுந்தரம் ரீச்சர். எங்களுக்குச் சொந்தமில்லைத்தான், ஆனா அவவுக்கு வேற ஆர் குடுக்கிறது?" "ஓம்." அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான் என்பது அவளுக்குக் குரலில் தெரிந்தது. சின்ன வயதில் செபமாலை சொல்லும்போதும் அவன் அப்படித்தான். அவளுக்கும் நெஞ்சு இளகிவிட்டது. உரித்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"எட்வின் அண்ணையின்ர பேரையும் இந்த முறை குடுக்கட்டோ?"

எட்வின் அவர்களுடைய பெரியம்மாவின் மகன். கொழும்பில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அழுத யாரோ ஒரு குழந்தையைப் பார்த்து "அழாதை அப்பன்" என்று சொன்னானாம். அந்தத் தமிழைக் கேட்ட யாரோ சொல்லி, அடுத்த சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் இறக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் தெரியும். பெரியம்மா இருந்தவரைக்கும் எட்வினின் பேரைச் செத்தவர்களோடு வாசிக்க விடவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அவ சொல்லிவைத்தது ஒன்றுதான்: பஸ்ஸில வாய் திறக்கப்படாது.

ரெயினின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு றெக்ஸ் நீட்டி, அடித்தொண்டையில், "ஓம்" என்றான். அந்தச் சொல் முடிய முதல் ஒரு பெண்ணின் குரல் கீச்சென்று கேட்டது. தொடர்ந்து ஆண்குரல்கள், கால்கள் இழுபடுகிற சத்தம், எங்கேயோ ஒரு மணி விடாமல் அடிக்கிற சத்தம். "சுமிமாசென், சுமிமாசென்," என்று றெக்ஸ் மன்னிப்புக் கேட்பது கேட்டது. மன்னிப்புக் கேட்கும்போது அவனுடைய குரல் இவ்வளவு சின்னனாய் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "அக்கா, வையுங்கோ," என்றான். அத்தோடு அறுந்துவிட்டது.

றோசா திருப்பி எடுத்தாள். எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். முதலில் மணி போனது. பிறகு மணியும் போகவில்லை. சோறு குழைந்து அடிப்பிடிக்கிற மணம் வந்த பிறகுதான் அடுப்பை நிறுத்தினாள். இப்படி ஒரு பயம் இருக்கிறது என்பதையே அவள் இந்த நாட்டுக்கு வந்து மறந்துபோயிருந்தாள்.

வின்சன்ட் லவாலில் கதவு செய்கிற தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நல்ல மனிசன். ஆறுதல் சொல்லத்தான் தெரியாது.

"நீர் ஏன் இப்பிடிப் பதறுறீர்? ரெயின் சுரங்கத்துக்குள்ள போயிருக்கும். யப்பானில என்ன, ஆக்களை வெள்ளை வானிலயே ஏத்துறாங்கள்?"

அந்தச் சொல் அவளுக்குள் போய் ஆணி அடித்தமாதிரி இருந்துவிட்டது. அதுவரை பொலிஸ் என்ற நினைப்புக்கூட அவளுக்கு வரவில்லை. இப்போது கண்ணை மூடினால் வெள்ளை வான் வந்தது. ஜப்பான் வெள்ளை வான் எப்படி இருக்கும் என்று தெரியாததால் கொழும்பில் ஆக்களை ஏற்றிக்கொண்டு போய்க் காணாமலாக்கின அந்த வானே வந்தது.

அருமைராசா என்று ஒருவன் றெக்ஸோடு அதே கொம்பனியில் வேலை செய்தான். நெடுந்தீவுப் பெடியன். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு றெக்ஸ் அவனைப் போனில் அறிமுகப்படுத்தியபோது நம்பரை வாங்கிவைத்தது நல்லதாய்ப் போயிற்று. அவன் எடுத்தவுடனேயே "அக்கா" என்றான். அதற்குப் பிறகு அவன் இழுத்த மூச்சிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. றெக்ஸ் வேலைக்கு வரவில்லை. கந்தோரில் எல்லாரும் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அருமைராசா கழிப்பறைக்குள் நின்று கதைக்கிறான்.

"அக்கா, அண்ணை ரெயினுக்க ஓம் எண்டு சொல்லிப்போட்டார்."

அதிலென்ன என்று றோசா கேட்டாள். ஓம் என்றால் ஓம்தானே. அருமைராசா மெல்ல மெல்லச் சொன்னான். முப்பது வருடத்துக்கு முதல் டோக்கியோவில் ரெயின்களுக்குள் ஒரு கூட்டம் நச்சுவாயுவைத் திறந்துவிட்டது. காலையில் வேலைக்குப் போன சனம். சிலர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுமுட்டி விழுந்தார்கள். அந்தக் கூட்டத்தின் பேரே ஓமில்தான் தொடங்கும். ஜப்பான்காரருக்கு இன்றைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் உடம்பு கூசும். இங்கே வருகிற எங்கட ஆக்களுக்கு முதல் சொல்லிக் குடுக்கிறதே அதுதான். வெளியில் போனில் ஓம் சொல்லாதே, ஹாய் என்று சொல்லு, யப்பானில அதுக்கு ஓம் எண்டுதான் கருத்து.

"எனக்கு அதைச் சொல்லித் தந்ததே றெக்ஸ் அண்ணைதான் அக்கா."

றெக்ஸுக்கு முதலே தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த ஹாயை விட்டான். எத்தனை காலையில் அந்த நெரிசலுக்குள், யாருக்கும் கேட்கக்கூடாது என்று பயந்து பயந்து, அக்கா சொன்னதற்காக ஓம் சொல்லியிருப்பான். கரடிக்கும் அரிசிக்கும் இவ்வளவு விளக்கம் வைத்திருந்தவன் தன் பயத்தைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லவில்லை. காலியான சீற்றும் பையும் இப்போது நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டுச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. "பாவி," என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டினாள்.

அருமைராசா அனுப்பிய வீடியோவை அஜிதாதான் தன் போனில் போட்டாள். மூன்று பேரும் மேசையில் நெருங்கியிருந்து பார்த்தார்கள். ரெயினுக்குள் அவ்வளவு சனம், ஒரு சத்தமில்லை. கறுத்தக் கோட்டோடு றெக்ஸ், ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்து, மற்றக் கையால் வாயைப் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். ஓம் என்கிறான். கொஞ்சம் விட்டு, ஓம். பக்கத்தில் நின்றவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு அடியாய் விலகுகிறார்கள். அவனைச் சுற்றி ஒரு வெளி உண்டாகிறது. அவன் கண் திறக்கவில்லை. றோசா சொன்ன பேர்கள் ஒன்றும் அதில் கேட்கவில்லை. அவளைக் கழித்துவிட்டால், தனியே நின்று ஓம் ஓம் என்று முணுமுணுக்கிற ஒரு கறுத்த மனிசன்தான் அங்கே மிச்சம். பெரியம்மாவுக்கும் பெரியப்புவுக்கும் சவுந்தரம் ரீச்சருக்கும் ஆளுக்கொரு அடி விலகினார்கள். எட்வின் அண்ணைக்கு அந்தப் பெண் கத்தினாள். ஒரு வயது போனவர் தள்ளாடிக்கொண்டு சுவரில் இருந்த பொத்தானைப் போய் அமத்தினார். அவருடைய முகத்தைப் பார்த்தால் அவரும் பயத்தில் செத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவரைக் கோபிக்கவும் றோசாவால் முடியவில்லை.

கீழே ஜப்பான் மொழியில் சனம் எழுதிக்கொண்டே போனது. அஜிதா அதைப் போனிலேயே மொழிபெயர்க்க வைத்து ஒவ்வொன்றாய் வாசித்தாள். முதலில் எந்த ஸ்ரேசன், எந்த ரெயின் என்று. யாரோ ஒருவர் இவர் போனில் கதைக்கிறார் போல, பாவம் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வந்தவைகளை அவள் வாசிக்க வாசிக்க அவளுடைய தமிழ் தடுமாறி, பிறகு பிரெஞ்சாகி, பிறகு நின்றுவிட்டது.

"என்னவாம் பிள்ளை?"

"வேண்டாம் அம்மா. மாமாவைத் திருப்பி அனுப்பச் சொல்லுகினம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் சொல்ல முடிகிறது. எங்கே திருப்பி அனுப்புவது என்று றோசா நினைத்தாள். எந்த விமானநிலையத்தில் இறக்கி, எந்த அறையில் இருத்தி, யார் என்ன கேட்பார்கள் என்று அவளுக்கு வரிசையாய் ஓடியது. செபமாலையை எடுத்தாள். அருள்நிறைந்த மரியாயே சொல்லிக்கொண்டு போனவள் பாதியில் நின்றுவிட்டாள். ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற தன் குரலே அவளைப் பயப்படுத்தியது.

விடிய வேலைக்குப் போகாமல் விட முடியாது. கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் அவள் ஒருத்தியின் கையில்தான். பஸ்ஸில் ஏறினால் போனை எடுத்து ரொறொன்ரோ, மன்னார் என்று ஒரு சுற்றுச் சத்தம்போட்டுக் கதைப்பது அவளுடைய பழக்கம். கூட வந்தால் அஜிதா முகம் சிவந்து குரலைக் குறைக்கச் சொல்லுவாள். "இது கனடாவடி, இஞ்ச ஆர் எங்களைக் கேக்கிறது?" என்று றோசா இன்னும் உரத்துக் கதைப்பாள். இன்றைக்குப் போனை மடிக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நிறையப் பேர் நின்றார்கள். பக்கத்துச் சீற் காலியாய் இருந்தது. ஏன் காலியாய் இருக்கிறது என்று இவ்வளவு வருடத்தில் அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

மத்தியானம் சூப் வார்க்கும்போது மயேல் என்ற குட்டிப் பெண் கிண்ணத்தை நீட்டினாள். மூன்று நாலு வயதுதான் இருக்கும், மஞ்சள் முடி. இன்னும் வேண்டுமா என்று றோசா வழக்கம்போலப் பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓம், றோசா!"

அது றோசா பழக்கினதுதான். அந்தக் கார்டெரியில் பாதிப் பிள்ளைகள் அவளுக்கு ஓம் என்றுதான் பதில் சொல்லும். தாய்தகப்பன்மாருக்கும் அது பெரிய புளுகம், கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் இன்றைக்கு அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டபோது றோசா அகப்பையைப் போட்டுவிட்டு, பிள்ளையின் வாயில் விரலை வைத்து "உஷ்" என்றாள். தான் என்ன செய்கிறேன் என்று தெரிவதற்கிடையில் செய்துவிட்டாள். மயேலின் கண் இரண்டும் பெரிதாகியது. கிண்ணத்தை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, சூப்பும் வேண்டாமல், வாயை இறுக்க மூடிக்கொண்டு இருந்தாள். றோசா குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் வைத்துத்தான் போன் அதிர்ந்தது. றெக்ஸ். அவள் எடுத்த வேகத்தில் போன் கையை விட்டு நழுவப் பார்த்தது. இருட்டிவிட்டிருந்தது. பஸ் நிறையச் சனம், ஆனால் வேலை முடிந்த களைப்பில் ஒருவரும் கதைக்கவில்லை.

"அக்கா," என்றான். அந்த ஒரு சொல்லே அவளுக்குப் போதும். உயிரோடு இருக்கிறான், வெளியில் இருக்கிறான், போன் அவனுடைய கையில் இருக்கிறது. எங்கேயடா இருக்கிறாய் என்று குசுகுசுத்தாள். அறைக்கு வந்துவிட்டானாம். பொலிஸ்காரர் அடிக்கவில்லை, ஏசவில்லை, தேத்தண்ணிகூடத் தந்தார்களாம். வதிவிட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். அவன் இவ்வளவு மெதுவாய், இவ்வளவு சுருக்கமாய் எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை.

"ஓம் எண்டா என்ன எண்டு கேட்டாங்கள். ஹாய் எண்டுதான் கருத்து எண்டன். ஆருக்குச் சொன்னனீ எண்டாங்கள். அக்காவுக்கு எண்டன். எதுக்குச் சொன்னனீ எண்டு கேட்டாங்கள். செத்த ஆக்களின்ர பேருக்கு எண்டு சொன்னன் அக்கா. பேந்து அவையளுக்கு அதை விளங்கப்படுத்த ஏலாமப் போச்சு."

கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆனால் கொம்பனியில் தாங்கள் சொல்லும்வரைக்கும் வரவேண்டாம் என்றார்கள். கீழ் வீட்டுக்காரி அவனைக் கண்டு கதவைச் சாத்தினாள். நிரந்தர வதிவிடத்துக்குப் போட்டது என்னவாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று றோசா கேட்டுப் பார்த்தாள். முன்பெல்லாம் அப்படி அவனைக் கேட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் கதை காணும். "ஒண்டும் நினைக்கேல்ல அக்கா," என்றான்.

பஸ் வெளிச்சத்தில் நின்று திரும்ப இருட்டுக்குள் போனது. பிறகு, சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நிற்கிறபோது கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"நான் ஒண்டும் பிழையாச் செய்யேல்லத்தானே அக்கா?"

அதற்கு ஒரேயொரு பதில்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்த வேறு எந்த மொழியிலும் அது பதிலாகாது. றோசா வாயைத் திறந்தாள். முன் சீற்றில் இருந்த மனிசி தற்செயலாய், கழுத்துப் பிடிப்பை எடுக்கிறவள் போல, மெல்லத் திரும்பினாள்.

யன்னல் கண்ணாடி இருண்டுபோய் இருந்தது. அதற்குள் ஒரு கறுத்த மனிசி, ஒரு கையில் போனும் மற்றக் கையால் பொத்திய வாயுமாக, றோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான் றெக்ஸ். "லைனில நிக்கிறியளோ?"